எங்கள் தெருவைப் பெருக்கி நீங்கள் வாங்கும் இரண்டு கிரெடிட்

பொங்கல் முடிந்த கையோடு, மேல்விஷாரத்தை ஒட்டிய எங்கள் காலனியில் ஏழு நாள் முகாம் போட வெளியூர்க் கல்லூரி ஒன்று வந்தது. எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. இது ஒரு கல்லூரியின் கதை மட்டுமல்ல.

முதல் நாள் நிகழ்ச்சி தூய்மைப் பணி. காலை பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்து தொடங்கிவைக்க வேண்டும். முந்தின நாள் மாலையே ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் வந்து, எங்கள் தெருவில் தூய்மைப் பணி செய்யும் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்: "யம்மா, நாளிக்கு காலேஜ் பசங்க வர்றாங்க, ஃபோட்டோல்லாம் எடுப்பாங்க. நாலு மணிக்கே வந்து சாக்கடய வாரிட்டு, தெருவ சுத்தமா கூட்டிட்டுப் போயிடு."

அக்கா நாலு மணிக்கு வந்தார். கையுறை கிடையாது, கால்செருப்பு மட்டும். சாக்கடையை வாரினார், தெருவைக் கூட்டினார், ஏழு மணிக்குள் வேறு தெருவுக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு மாணவர்கள் வந்தபோது பெருக்குவதற்கு ஒன்றுமே இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கிடந்த சருகைக் கூடையில் அள்ளிவந்து தெருவில் கொட்டினார்கள். கொட்டியதை நீலக் கையுறை போட்ட கைகள் புதுத் துடைப்பத்தால் பெருக்கின. படம் எடுத்தார்கள். பிறகு டீ, பிஸ்கட். அந்தச் சருகைத் திரும்ப அள்ளியது யார் என்று நாங்கள் வேறு சொல்ல வேண்டுமா?

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்போம். அந்தப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக, துடைப்பத்தோடு தலைகுனிந்து நிற்கிற பெண் அந்த அக்காவின் மகள். அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தான் பிறந்த தெருவுக்கே 'சேவை' செய்ய வந்தாள். முகாம் முடிந்ததும் ஒவ்வொருவரும் இரண்டு பக்கம் எழுதித்தர வேண்டுமாம்: 'இந்த முகாமில் நீங்கள் புதிதாகக் கற்றுக்கொண்டது என்ன?' வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு எங்கள் மாலை வகுப்புக்கு வந்தாள். "அண்ணா, நான் இன்னா எழுதறது?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் உடனே பதில் இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

இதற்கு இப்போது பெரிய பெயரெல்லாம் வந்துவிட்டது. சேவைவழிக் கற்றல், சமூகப் பங்கேற்பு, களப்பணி வழிக் கல்வி. சர்வீஸ் லேர்னிங் என்ற சொல் 1960களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. நம் நாட்டில் அதற்கு அண்ணன்முறை என்.எஸ்.எஸ்.; காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. 2014-ல் உன்னத் பாரத் அபியான் வந்து, கல்லூரிகள் கிராமங்களைத் 'தத்தெடுக்க' ஆரம்பித்தன. தத்து என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்களுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள், அவர்கள் உழைத்துக் கட்டிய வீடும் இருக்கிறது. எந்த அனாதைப் பிள்ளையை எடுக்க வருகிறீர்கள்? 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை சமூகப் பங்கேற்பைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்னது. அதையொட்டி யு.ஜி.சி. இரண்டு கிரெடிட் பாடமாக அதற்கு ஒரு சட்டகமும் வெளியிட்டிருக்கிறது. நாக் குழு வந்தால் விரிவாக்கப் பணிக்குத் தனி மதிப்பெண். ஆக, எங்கள் காலனி இல்லாமல் பல கல்லூரிகளுக்குக் கோப்பு நிறையாது.

இதில் உச்சம் 2018 கோடை. தூய்மை இந்தியா கோடைப் பயிற்சி என்று மத்திய அரசு அறிவித்தது. மாணவர் கிராமத்தில் 100 மணி நேரம் தூய்மைப் பணி செய்தால் கல்லூரி இரண்டு கிரெடிட் கொடுக்கலாம் என்றது யு.ஜி.சி. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்கா துடைப்பம் பிடித்து இருபது வருடம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றே வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச்சொன்னதையெல்லாம் விட்டுவிடுகிறோம். 36,000 மணி நேரம். 720 கிரெடிட். நம் மாநிலத்தில் கலை அறிவியல் இளங்கலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் போதும். ஐந்து பட்டம் போக மிச்சம் இருக்கிறது! ஆனால் அக்காவுக்குக் கிடைத்தது பட்டம் அல்ல, ஒரு பட்டப்பெயர். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டோம். படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

ஒரே துடைப்பம். ஒரு கையில் இருந்தால் கல்வி, இன்னொரு கையில் இருந்தால் சாதி. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற பாடத்தை எந்தக் கல்லூரி வைத்திருக்கிறதோ, அந்தக் கல்லூரி மாணவர்கள் வரட்டும். எங்கள் வீட்டிலேயே தங்கட்டும், சோறு போடுகிறோம்.

நாங்கள் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. சமூகவியல் முதுகலை படித்தபோது நாங்களும் இதே கிளிப் பலகையும் படிவமுமாக ஓர் இருளர் குடியிருப்புக்குப் போனோம். தலித் பிள்ளைகள்தாம் நாங்களும். ஆனால் கையில் படிவம் வந்ததும் எங்கிருந்தோ ஒரு தோரணையும் கூடவே வந்துவிட்டது. கழிப்பறை உண்டா, குடிப்பழக்கம் உண்டா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று வரிசையாகக் கேட்டோம். ஒரு பெரியவர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "போன வருசமும் இதயேதான் கேட்டு எழுதிக்கினு போனாங்க. அது இன்னா ஆச்சு சார்?" அது என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் படிவம் என்ன ஆனது என்பது தெரியும். துறை அலமாரியின் கீழ்த்தட்டில் கட்டிப்போட்டிருந்ததைப் பார்த்தோம். எங்களுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. அந்தப் பெரியவருக்கு, அவர் அப்போது கேட்டுக்கொண்டிருந்த சாதிச் சான்றிதழ்கூட வரவில்லை. சேவை யாருக்கு நடந்தது? அவர்தான் எங்களுக்குச் செய்தார்.

1968-ல் மெக்சிகோவுக்குச் சேவை செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்கள் மத்தியில் பேச இவான் இலிச்சை அழைத்தார்கள். அவர் வாழ்த்திப் பேசவில்லை. உங்கள் நல்லெண்ணம் எங்கள் ஊருக்கு வேண்டாம், சுற்றிப்பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்த உரையை இன்றுவரை சர்வீஸ் லேர்னிங் வகுப்புகளிலேயே படிக்கக் கொடுக்கிறார்கள். படித்துவிட்டு முகாமுக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

இன்னொரு விஷயம். இந்தக் கல்விமுறையின் மூலவர் என்று எல்லோரும் கைகாட்டுவது ஜான் டூயியை. செய்து கற்றல், அனுபவத்தின் வழி கற்றல், ஜனநாயகத்துக்கான கல்வி என்று பேசியவர். அந்த டூயி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது, 1913 முதல் 1916 வரை அங்கே படித்த மாணவர்களில் ஒருவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1936-ல் வந்த 'சாதி ஒழிப்பு' நூலில் தன் ஆசிரியர் என்று டூயியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். ஒரே ஆசிரியரிடமிருந்து கிளம்பிய இரண்டு வழிகள். ஒரு வழியில் போனவர்கள் ஏழைகளின் தெருவுக்குத் தொண்டு செய்யப் போனார்கள். அம்பேத்கர் 1927-ல் ஆயிரக்கணக்கான மக்களோடு மகாடுக்குப் போய், தடுக்கப்பட்ட குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். செய்து கற்றல் என்றால் எங்களுக்கு மகாட்தான் நினைவுக்கு வருகிறது. கல்லூரி நடத்துகிறவர்கள் டூயியைப் பாதி வழி வரைக்கும்தான் படித்திருக்கிறார்கள்.

மகாட் எங்கோ மராட்டியத்தில் இருக்கிறது என்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று காட்டுகிறோம். 2019 ஆகஸ்ட், வாணியம்பாடி அருகே நாராயணபுரம். விபத்தில் இறந்த ஒரு தலித்தின் உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போகப் பாதை இல்லை. வழியில் இருந்த நிலம் ஆதிக்கச் சாதியினருடையது, விடவில்லை. பாடையைக் கயிற்றில் கட்டிப் பாலத்தின் மேலிருந்து பாலாற்றுக்குள் இறக்கினார்கள். அந்தக் காட்சியைக் கைப்பேசியில் நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன்பிறகு மாவட்ட நிர்வாகம் அந்த மக்களுக்கு மயானத்துக்கு இடம் ஒதுக்கியது. இந்தப் பாலத்தின் கீழே நின்று யோசித்துப் பாருங்கள். இங்கே ஒரு கல்லூரி ஏழு நாள் முகாம் போட்டால் என்ன செய்யும்? மரக்கன்று நடும். கண் பரிசோதனை செய்யும். நெகிழி ஒழிப்புப் பேரணி போகும். எல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் தெருவில். வழியை மறித்த நிலத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, "ஐயா, ஏன் விடவில்லை?" என்று கேட்க எந்தத் திட்ட அலுவலர் மாணவரை அனுப்புவார்? நோய் ஒரு வீட்டில் இருக்கிறது, மருந்தை வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

இதைச் சொன்னால், அப்படியானால் கல்லூரிகள் வெளியே வரவே கூடாதா என்கிறார்கள். வர வேண்டும். எப்படி வரலாம் என்பதற்கு இந்தத் தோல் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. ஆனால் அதை யாரும் சேவை என்று சொல்வதில்லை.

1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளின் இடத்தைக் குரோமியம் டிரம்கள் பிடிக்கத் தொடங்கின. ராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரைக் கிணறுகள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக நிலைநாட்டிய தீர்ப்புகளில் ஒன்று அது. அந்தத் தீர்ப்பை எடுத்துப் படியுங்கள். அதன் முதுகெலும்பு என்ன? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு: தோல் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழ். திண்டுக்கல் பக்கம் ஒரு தன்னார்வ அமைப்பு 13 கிராமங்களில் ஒவ்வொரு கிணறாகப் பார்த்தது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. கிணற்றை எட்டிப் பார்த்து எண்ணியிருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் தனக்குத் தெரிந்த வேலையை மக்கள் பக்கம் நின்று செய்தால், அந்தக் கணக்கு உச்ச நீதிமன்றத்தில் போய் நிற்கும். ஆயிரம் மரக்கன்று நட்டாலும் அதற்கு ஈடாகாது.

இதிலும் எங்களுக்கு ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. நிலத்தை எண்ணினார்கள், கிணற்றை எண்ணினார்கள். நிலமும் கிணறும் இல்லாதவனை எந்தக் கணக்கில் எழுதுவது? பாழான நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தது நாங்கள். அந்த வேலை போனதும் சுண்ணாம்புக் குழியில் இறங்கியதும் நாங்கள். கையில் குரோம் புண், மூக்குத் தண்டில் ஓட்டை, உப்புத் தோல் சுமந்து வெடித்த தோள்பட்டை. இவற்றை வீடு வீடாக எண்ணி ஒரு நீதிமன்றத்தில் வைக்க எந்தப் பல்கலைக்கழகம் வரும்? 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றுக்குள் புதைந்து செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கல்லூரிப் பேருந்து தினமும் போய்வருகிற சாலையிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பத்துப் பேர் எந்தப் பாடத்தில் வருகிறார்கள்? 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு, கண்காணிப்புக் குழு என்று மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஏறத்தாழ முப்பது வருடம். அதற்குள் எத்தனை செட் மாணவர்கள் எங்கள் தெருவில் சருகு பெருக்கிவிட்டுப் போயிருப்பார்கள்!

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேல்விஷாரம் என்று எழுதியதுமே, முஸ்லிம் முதலாளி, தலித் தொழிலாளி என்று இதை மதச்சண்டையாக்க ஒரு கூட்டம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும். வேண்டாம். டிரம் பக்கத்தில் எங்களோடு நிற்கிற பாய்மாரின் கையிலும் அதே புண்தான். வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1965-ல் இந்த ஊரில் கல்லூரி வந்திராவிட்டால், எங்கள் பக்கத்துத் தெருக்களில் எத்தனையோ வீட்டில் முதல் பட்டதாரி வந்திருக்க மாட்டார். எங்களை ஊருக்கு வெளியே வைத்தது எந்த ஏற்பாடு என்பது எங்களுக்குத் தெரியும். அதை மறைக்க எங்களைக் கேடயமாகப் பிடிக்க வேண்டாம்.

'சும்மா இருப்பதற்கு இதாவது நடக்கட்டுமே, இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் ஒரு காலனியையே பார்க்காமல் பட்டம் வாங்கிவிடுவார்கள்' என்று எங்கள் நண்பர்களான பேராசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த முகாமிலேயே ஒரு பையன் இருந்தான். ஊர்த்தெருப் பிள்ளை. மூன்றாம் நாள் மாலை படிவத்தை மூடி வைத்துவிட்டு, ஷூ கம்பெனியில் வேலை போன ஒரு பெண்ணின் பி.எஃப். காகிதங்களை எடுத்து உட்கார்ந்துவிட்டான். முகாம் முடிந்தும் இரண்டு ஞாயிறு வந்தான், பணம் கைக்கு வரும்வரை விடவில்லை. யாரும் அவனுக்கு அதற்காகக் கிரெடிட் கொடுக்கவில்லை. அறிக்கையிலும் அது இல்லை. கல்லூரிக்கு அது கணக்கிலேயே வராத வேலை. அதுதான் எங்கள் புகாரே.

ஆகவே அடுத்த முகாமுக்கு வருகிறவர்களிடம் கொடுக்க நாங்களே ஒரு படிவம் தயார் செய்திருக்கிறோம். இரண்டு பகுதி. முதல் பகுதி காலனிக்கு. குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்வி அதில் இல்லை. சம்பளச் சீட்டு தருகிறார்களா? இ.எஸ்.ஐ. அட்டை கையில் இருக்கிறதா, ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறதா? கையுறையும் பூட்சும் யார் காசில் வாங்கியது? கையில் புண் வந்து எத்தனை வருடம், எந்த மருத்துவர் அதை வேலையால் வந்த புண் என்று எழுதிக்கொடுத்தார்? கேட்டு எழுதியதில் ஒரு பிரதி அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், ஒரு வருடம் கழித்து அதே மாணவர் வந்து என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். பதில் சொன்னவருக்கு அன்றைய கூலி. ஆராய்ச்சிக்குத் தகவல் கொடுப்பதும் உழைப்புதான். அக்கா நாலு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னால் நாலு வீட்டு வேலை போகிறது.

இரண்டாம் பகுதி ஊர்த்தெருவுக்கு. அதைத்தான் கல்லூரிகள் வாங்க யோசிக்கும் என்று நினைக்கிறோம். உங்கள் வீட்டுக் கழிவுத்தொட்டியைக் கடைசியாக அள்ளியவர் பெயர் தெரியுமா? 2013-ல் வந்த சட்டம் மனிதரை அதில் இறக்கத் தடை விதிக்கிறது என்று தெரியுமா? அப்படி இறங்கி ஒருவர் செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியுமா? காலனிக்காரருக்கு வீடு வாடகைக்கு விடுவீர்களா? சுடுகாட்டுப் பாதை உங்கள் நிலத்தின் வழியாகப் போனால்?

இந்த இரண்டாம் பகுதியோடு ஏழு நாள் ஊர்த்தெருவில் தங்கி வருகிற மாணவர் நிச்சயம் ஏதாவது கற்றுக்கொண்டுதான் வருவார். எங்கள் தெருப் பிள்ளைகளை மட்டும் இதற்கு அனுப்பாதீர்கள். கதவு திறந்து யார் வந்தாலும் முதலில் கேட்கப்படுவது 'நீ எந்தத் தெரு' என்பதுதான். அந்தப் பாடத்தை அவர்கள் ஏற்கெனவே முடித்துவிட்டார்கள்.

அக்கா மகள் கடைசியில் எழுதிக்கொடுத்தாள். நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் அம்மா காலை நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை அன்று என்னென்ன செய்தார் என்பதை மட்டும் வரிசையாக எழுதியிருந்தாள். கருத்து ஒன்றும் சொல்லவில்லை. தாள் திரும்பி வந்தது. சிவப்பு மையில் மேலே ஒரு வரி: முகாம் நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதவும். அவள் மறுபடி எழுதவில்லை. அந்தத் தாளை எங்கள் மாலை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

எங்கள் படிவத்தை மூன்று கல்லூரிகளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை மூன்றும் வந்துவிட்டது.